முதுமை இல்லறமும் உறைவிடத் தேட்டமும்

1. ஆய்பொருள்

அகத்திணை பற்றிய ஆராய்ச்சிகளுள் களவொழுக்கம் பெற்ற இடம் பெரிது. கற்பொழுக்கம் பெற்ற இடம் அதனிற் சிறிது. கற்பின் கடைப்பகுதியாகிய முதுமை இல்லறம் பெற்ற இடமோ மிகச் சிறிது. தலைவனும் தலைவியும் எதிர்ப்பட்ட சோலையும், அவர்தம் இரவுக்குறியும் பகற்குறியும் பல்லாற்றானும் விளக்கப்பட்டுள்ளன. அவ்விருவரும் நரைத்த பின்னர் எங்கு வாழ்ந்தனர், யாரொடு வாழ்ந்தனர், ஒருவர் மறைந்தபின் எஞ்சியவர் யாது செய்தனர் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளன.

இவ்வினாக்கள் இன்று கொங்குநாட்டில் நடைமுறை வினாக்களாக எழுந்துள்ளன. பணியினின்று ஓய்வு பெற்ற கணவனும் மனைவியும் தம் காரில் ஏறிக்கொண்டு, ஓரூரில் இரண்டு நாள், மற்றோரூரில் ஒரு கிழமை எனத் தங்கித் தங்கி, எஞ்சிய நாளைக் கழித்தற்கேற்ற வீட்டைத் தேடுகின்றனர். அத்தேட்டம் பெரும்பாலும் கோயமுத்தூரில் வந்து நிற்கின்றது. வடவள்ளி, தொண்டாமுத்தூர் முதலிய மேற்குப் பகுதிகளிலும் பிறவிடங்களிலும் முதியோர்க்கெனவே கட்டப்பட்ட குடியிருப்புகள் கடந்த இருபது ஆண்டுகளில் பெருகியுள்ளன. 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி தமிழ்நாட்டு மக்களுள் நூற்றுக்கு 10.4 பேர் அறுபது அகவை நிரம்பியோர். 2021க்கு மதிப்பிடப்பட்ட அளவு 13.6. இந்திய மாநிலங்களுள் இதனினும் மிக்க அளவுடையது 16.5 பெற்ற கேரளம் ஒன்றே. ஆகவே இத்தேட்டம் ஒரு சிலரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கத்தக்கதன்று.

வீடு தேடும் இணையர் கேட்கும் முதல் வினா 'எங்கே?' என்பது. பழந்தமிழ் இலக்கியம் முதுமை பற்றிக் கேட்ட முதல் வினாவும் அதுவோ? அன்றெனின், அது கேட்ட வினா யாது? அவ்வினா இன்றைய தேட்டத்திற்கு ஒளி தருமோ? இவற்றைக் கொங்குநாட்டோடு தொடர்புடைய சான்றுகளைச் சிறப்பாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. இன்றைய தேட்டத்தின் இயல்பு

கோயமுத்தூரை நாடுவோர் கூறும் காரணங்கள் பெரும்பாலும் இடச்சிறப்பைப் பற்றியவை. ஊர் கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் உள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளியாகிய பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று புகுந்து வெம்மையைத் தணிக்கின்றது. சிறுவாணி நீர் சுவை மிக்கது. பெரிய மருத்துவமனைகள் பல உள. வானூர்தி நிலையம் உண்டு. பேரூரும் மருதமலையும் அண்மையில் உள. இவையெல்லாம் மெய்யே. எனினும் இவற்றுள் ஒன்றேனும் மனிதரைப் பற்றியதன்று என்பதை நாம் நோக்குதல் வேண்டும்.

குடியிருப்புகளின் பெயர்களும் ஆராயத்தக்கன. 'நானா நானி' என்னும் பெயர் கொண்ட குடியிருப்பு ஒன்று இப்பகுதியில் உண்டு. அவை தாயின் தந்தையையும் தாயையும் குறிக்கும் வடநாட்டு உறவுச்சொற்கள். அவ்வுறவினரையே கொங்குநாட்டார் 'அப்பிச்சி' என்றும் 'அம்மாயி' என்றும் அழைப்பர். பல மொழியினரும் வந்து வாழ்தற்கு ஏற்பவே அப்பெயர் அமைந்தது போலும். ஆயினும் உறவை விட்டு வந்தோர் வாழும் வீட்டிற்கு உறவுச்சொல்லே பெயராதல் கருதத்தக்கது. இடத்தைத் தேடி வந்தவர் உண்மையில் தேடியது யாது என்பதனை அப்பெயர் காட்டிவிடுகின்றது.

முன்னைக் கொங்குநாட்டு வேளாண் குடிகளிடை வேறொரு வழக்கம் இருந்தது. மகன் தலையெடுத்தபின் பெற்றோர் நிலத்தை அவன்பால் ஒப்புவித்து, அதே தோட்டத்தில் ஒரு சாளையில் தனியடுப்பு மூட்டி வாழ்ந்தனர். அடுப்பு வேறு, கிணறு ஒன்று. கூப்பிடு தொலைவில் பிள்ளைகள் இருந்தனர். முதியோர் செலவு மேற்கொண்டதும் உண்டு. காங்கேயம் காளை பூட்டிய கூட்டுவண்டியில் கட்டுச்சோற்றோடு பழனிக்கும் சென்னிமலைக்கும் கொடுமுடிக்கும் சென்றனர். ஆனால் அவ்வண்டி வீடாகவில்லை. இரவில் தங்கச் சத்திரமும் சாவடியும் மடமும் இருந்தன. வழிச்செலவு முழுவதும் பிறர் திண்ணையை நம்பியே நடந்தது. முடிவில் வண்டி புறப்பட்ட வாசலுக்கே திரும்பியது.

அமெரிக்க நாட்டில் ஓய்வு பெற்ற இணையர் பலர், படுக்கையும் அடுக்களையும் அமைந்த பெரிய மோட்டார் வண்டியையே வீடாகக் கொண்டு, ஊர் ஊராகச் சென்று, தமக்கேற்ற இடத்தைத் தேர்கின்றனர். விரும்பிச் செல்வாரும் உளர்; வீட்டை இழந்து வேறு வழியின்றிச் செல்வாரும் உளர். பின்னையோர் வாழ்வை ஜெசிக்கா புரூடர் என்பார் 2017இல் 'நோமாட்லாண்ட்' என்னும் நூலாக எழுதினார். அது 2020இல் திரைப்படமாகவும் வந்தது. வண்டியே வீடாகுமிடத்துத் திண்ணை தந்து ஓம்புவார் வேண்டப்படுதல் குறைகின்றது. கொங்குநாட்டுக் கூட்டுவண்டிக்கும் அவ்வண்டிக்கும் உள்ள வேறுபாடு பொறியின் வேறுபாடு மட்டுமன்று, சுற்றத்தின் வேறுபாடுமாகும். இன்று காரில் வீடு தேடும் நம்மவர் இவ்விரண்டிற்கும் இடையே நிற்கின்றனர். அவர்தம் வண்டி வீடுமன்று. புறப்பட்ட வாசலுக்குத் திரும்பும் துணிவும் அவர்க்கு இல்லை.

3. இடம் கூறாத நூற்பா

முதுமை இல்லறத்திற்குத் தொல்காப்பியர் வகுத்த இலக்கணம் கற்பியலின் இறுதிப்பகுதியில் உள்ளது. அதன் கருத்து வருமாறு: இன்பம் நிறைவுற்ற கடைக்காலத்தில், பாதுகாவல் அமைந்த மக்களொடு நெருங்கி, அறத்தை விரும்பும் சுற்றத்தொடு கூடி, கிழவனும் கிழத்தியும் மேலான செயலை இடைவிடாது பயிலுதல், கழிந்த வாழ்க்கையின் பயனாகும்.

இந்நூற்பாவை இல்லறத்தின் முதிர்ச்சியாகக் கொள்ளுதலும் உண்டு. துறவறத்திற்குத் தோற்றுவாயாகக் கொள்ளும் உரைப்போக்கும் உண்டு. இருதிறத்தாரும் 'மேலான செயல்' யாது என்பதிலேயே கருத்தைச் செலுத்தினர். யாம் ஈண்டு நூற்பாவின் வேற்றுமை உருபுகளை நோக்குகின்றோம். மக்களைக் கூறுமிடத்து 'ஒடு' வந்துள்ளது. சுற்றத்தைக் கூறுமிடத்தும் 'ஒடு' வந்துள்ளது. இரண்டும் உடனிகழ்ச்சிப் பொருளில் வந்த மூன்றாம் வேற்றுமை. ஏழாம் வேற்றுமையோ நிலம், வினைசெய்யிடம், காலம் ஆகிய மூன்றன்பாலும் வருதற்குரியது. அம்மூன்றனுள் காலம் ஒன்றே இந்நூற்பாவில் இடம்பெற்றது. நிலம் கூறப்படவில்லை. மனை என்றும் கூறவில்லை. காடு என்றும் கூறவில்லை. ஊர் என்றும் கூறவில்லை. நிலத்தை முதற்பொருளாகக் கொண்டு திணை வகுத்த ஆசிரியர், முதுமையைப் பாடுங்கால் நிலத்தை விட்டுவிட்டமை தற்செயலாகாது. குறிஞ்சியாயினும் மருதமாயினும் கடைக்காலத்தின் இலக்கணம் ஒன்றே என்பது அவர் கருத்தாதல் வேண்டும்.

இரண்டாவதாக நோக்கத்தக்கது உம்மை. 'கிழத்தியொடு கிழவன்' என்று ஆசிரியர் கூறினாரல்லர். அவ்வாறு கூறியிருப்பின் ஒருவர் செயல்முதல், மற்றவர் துணை. கிழவனையும் கிழத்தியையும் எண்ணும்மையால் இணைத்தமையின் இருவரும் ஒருநிகரான செயல்முதலாயினர். மக்களுக்கும் சுற்றத்திற்கும் 'ஒடு' கொடுத்தவர் மனைவிக்கு அதனைக் கொடாமை கூர்ந்து நோக்கத்தக்கது. வடமொழி மனுநூலின் ஆறாம் இயலோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். காட்டிற்குச் செல்லும் முதியோன் மனைவியைப் புதல்வரிடத்து ஒப்படைத்தோ, உடன்கொண்டோ செல்லலாம் என்பது அந்நூலின் விதி. அவண் இடம் வரையறுக்கப்பட்டது, மனைவி வரையறுக்கப்படவில்லை. தொல்காப்பியத்தில் மனைவி வரையறுக்கப்பட்டாள், இடம் வரையறுக்கப்படவில்லை. இவ்வேறுபாடே நம் ஆராய்ச்சிக்கு அடிப்படையாகும்.

4. நல்லூரை நீங்கிய முதியவர்

இலக்கணம் கூறியதை இலக்கியத்தில் வைத்துக் காண்போம். முதுமையில் வாழ்தற்கேற்ற ஊரைப் பற்றித் தமிழில் தெளிவாகப் பேசியவர் பிசிராந்தையார். ஆண்டு பல கடந்தும் நரையில்லாமை எவ்வாறு என்று வினவியோர்க்கு அவர் கூறிய விடை புறநானூற்றின் 191ஆம் பாட்டாக உள்ளது. மனைவியும் மக்களும் குணம் நிரம்பியவர். ஏவலிளையர் தாம் எண்ணியதையே எண்ணுவர். வேந்தன் முறையல்ல செய்யான். ஊரிற் கற்று அடங்கிய சான்றோர் பலர் உளர். இவையே அவர் காட்டிய காரணங்கள். அவை அனைத்தும் மனிதரைப் பற்றியவை. பிசிரின் காற்று எத்தகையது, நீர் எத்தகையது என்பன பற்றி ஒரு சொல்லும் இல்லை. இன்றைய விளம்பரங்களில் முதலிடம் பெறுவன எல்லாம் அவர் பட்டியலில் இடம்பெறவே இல்லை.

இத்துணைச் சிறந்த ஊரினராகிய ஆந்தையார் அவ்வூரிலேயே இறந்தாரல்லர். தம் மைந்தரொடு பகைத்துப் போருக்கெழுந்து, புல்லாற்றூர் எயிற்றியனாரால் தடுக்கப்பெற்று, வடக்கிருந்த கோப்பெருஞ்சோழனைத் தேடி வந்து உடன் உயிர்நீத்தார். அவர் வருமுன்னரே தம்மருகே அவர்க்கு இடம் ஒழித்து வைக்குமாறு சோழன் பணித்தான். இடம் என்னும் சொல் ஈண்டு ஒரு நண்பனின் பக்கத்தையே குறித்தது. மக்கள் பகைத்தமையால் ஒருவர்க்கு அரண்மனையும் உறைவிடமாகவில்லை. நண்பன் வடக்கிருந்தமையால் மற்றொருவர்க்கு நல்லூரும் இறுதியிடமாகவில்லை. இருவர் வரலாறும் தொல்காப்பியர் இடம் கூறாமைக்கு எடுத்துக்காட்டாகும்.

ஆயினும் இப்பாட்டுகளைப் புகழ்ந்தோர் ஒன்றனை விட்டுவிட்டனர். ஆந்தையாரின் நரையில்லாமைக்கு முதற்காரணமாக நின்றவள் அவர் மனைவி. அவர் சோழநாட்டிற்குப் புறப்பட்டபோது அவள் யாது கூறினாள்? பின்னர் எவ்வாறு வாழ்ந்தாள்? பாட்டும் கூறவில்லை, கொளுவும் கூறவில்லை. நட்பின் உயர்வைப் பாடிய இலக்கியம் எஞ்சியவளின் நிலையைப் பாடாது விட்டது. பொத்தியாரைக் கோப்பெருஞ்சோழன் மகப்பேற்றின்பின் வருக எனத் திருப்பியனுப்பியதும் மகவு நோக்கியே. மகன் பிறந்தபின் அவரும் வந்து வடக்கிருந்தார். குழந்தையை ஏந்திய தாயின் நிலை யாதாயிற்று என்பதும் நமக்குத் தெரிந்திலது. நூற்பாவில் உள்ள எண்ணும்மை இப்பாட்டுகளில் இல்லை என்று கூறுதல் குறைகூறல் ஆகாது. உள்ளதை உள்ளவாறு காண்டலேயாம்.

5. கொங்குநாட்டுச் சான்றுகள்

இனிக் கொங்குநாட்டோடு தொடர்புடைய சான்றுகளைக் காண்போம். கரூரை அடுத்த புகலூர் ஆறுநாட்டார் மலையில் பொறையர் குடியினரின் பழைய தமிழிக் கல்வெட்டு உள்ளது. யாற்றூரைச் சேர்ந்த செங்காயபன் என்னும் மூத்த அமண முனிவர் உறைதற்கெனக் கல் அறுக்கப்பட்ட செய்தியை அது கூறுகின்றது. கோ ஆதன் செல்லிரும்பொறையின் மகன் பெருங்கடுங்கோ. அவன் மகன் இளங்கடுங்கோ இளவரசனான பொழுது அக்கொடை நிகழ்ந்தது. முதியவர் ஒருவர்க்கு உறையுள் அமைத்துக் கொடுத்த செயலுக்குக் கொங்குமண்ணில் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச்சான்றுகளுள் இது ஒன்று. உறையுள் என்பது ஒரு கற்படுக்கை அளவினதே. துறந்த தனியொருவர்க்கு அவ்வளவே போதும். இல்லறத்தாராகிய இருவர்க்கு அது அளவாகாது.

அக்குடியினனாகிய செல்வக்கடுங்கோ வாழியாதனைப் பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்தில் கபிலர் பாடினார். பாரி மறைந்தபின், அவன் மகளிர்க்கு மணமனை தேடி விச்சிக்கோனிடத்தும் இருங்கோவேளிடத்தும் சென்று மறுக்கப்பட்ட முதியவர் அவர். வாழியாதன்முன் நின்றபோதும், பாரி இறந்தான், எம்மைக் காப்பாயாக என்று இரக்க வந்திலேன் என்பதனையே முதற்கண் கூறுகின்றார். பதிகம் கூறும் பரிசில் வியப்புக்குரியது. நூறாயிரம் காணம் கொடுத்ததோடு, நன்றா என்னும் குன்றின்மேல் ஏறி நின்று, கண்ணுக்குப் புலனான நாடெல்லாம் காட்டிக் கொடுத்தான் என்பது. புலவர் ஒருவர்க்கு முதுமைக்கென இதனிற் பெரிய உறைவிடம் கொடுத்தாரில்லை. அந்நாட்டிற் கபிலர் நிலைத்து வாழ்ந்தார் என்பதற்கோ சான்றில்லை. பாரியைச் சேர்தலையே விரும்பிய அவர் உள்ளம் புறநானூற்றில் வெளிப்படுகின்றது. அவர் இறுதியைத் திருக்கோவலூரோடு இயைத்துக் கூறுகின்றது, அவ்வூரிலுள்ள சோழர் காலக் கல்வெட்டு. குன்றின்மேல் நின்று காணும் நாடு கண்ணை நிறைக்கலாம். உடனிருந்தார் போனபின் நெஞ்சை நிறைக்காது.

பெருஞ்சேரல் இரும்பொறையை அரிசில்கிழார் பாடிய 74ஆம் பாட்டில் மற்றொரு முதியவர் தோன்றுகின்றார். நரைத்த அவ்வறிஞரை, தவமுடையோர்க்கே எல்லா நலமும் உரியன என அறிவுறுத்தி, அரசன் காட்டிற்குப் போக்கினான். அவரும் தனியராகவே தோன்றுகின்றார். அவர்க்கு மனைவி உண்டோ இல்லையோ என்பது பாட்டிற்குப் பொருளாகவில்லை.

இவ்வரிசையில் இணையராக நிற்பவர் ஒருவரே. கொங்கர் நாட்டை அகப்படுத்தியவன் எனப் பாடப்பெற்ற பல்யானைச் செல்கெழு குட்டுவனை மூன்றாம் பத்தில் பாடியவர் பாலைக் கௌதமனார். வேண்டியதைக் கொள்க என்ற அரசனிடம் அவர் பொன் கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை. தாமும் தம் பார்ப்பனியும் மேலுலகம் புகல் வேண்டும் என்றார். அரசன் வேள்விகள் செய்வித்தான். பத்தாம் வேள்வியில் இருவரும் காணப்பட்டிலர் என்பது பதிகச் செய்தி. பதிகங்கள் பாட்டுகளிற் பிற்பட்டவை என்பர். நிகழ்ச்சி மெய்யோ புனைவோ என்பது நம் ஆய்வுக்கு வேண்டுவதன்று. பரிசில் வேண்டும் புலவர் ஒருவர் தம்மையும் மனைவியையும் எண்ணும்மையால் இணைத்து ஒரே பரிசிலைக் கேட்டார் என்று தமிழ்மக்கள் நினைவிற் கொண்டமையே வேண்டுவது. தொல்காப்பியரின் உம்மை ஈண்டு உயிர்பெற்று நிற்கின்றது. அதே பதிகத்தின்படி அரசனாகிய குட்டுவன் நெடும்பாரதாயனார் முன்செல்லக் காடு புகுந்தான். உடன் சென்ற தேவியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஒரே பதிகத்துள் இருவகை முதுமையும் அமைந்துள்ளன.

6. தலமும் உறைவிடமும்

இடத்திற்கு இத்துணைச் சிறப்பின்மை கூறுதல் பொருந்தாது. காசியிலும் பேரூரிலும் சென்று வாழ்தலை நம் முன்னோர் விரும்பினரன்றோ என்று வினவலாம். இவ்வினா தக்கதே. மேலைச் சிதம்பரம் எனப்படும் பேரூரில் பிறவாப் புளியும் இறவாப் பனையும் உள. அங்கு உயிர் பிரிவோரின் வலச்செவி மேனோக்கும். நொய்யலில் இட்ட எலும்பு கல்லாகும் என்பன வழிவழி நம்பிக்கைகள். இவற்றை உற்றுநோக்கின், இறத்தற்குரிய இடத்தின் சிறப்பே கூறப்படுதல் தெரியும். வாழ்தற்குரிய இடத்தின் இலக்கணம் அன்று அது. இறப்பு ஒரு நாளினது. முதுமையோ ஓய்வின்பின் இருபது முப்பது ஆண்டினது. தமிழ்நாட்டரசு ஊழியர்க்கு ஓய்வு அகவை 58ஆக இருந்தது. 2020இல் 59ஆகவும் 2021இல் 60ஆகவும் உயர்த்தப்பட்டது. அதன்பின்னும் நெடுங்காலம் வாழ்வார் இன்று பலர். அந்நெடுங்காலத்திற்கு வேண்டுவது தலச்சிறப்பினும் சுற்றச்சிறப்பே.

7. எஞ்சியவர் நிலை

இதுகாறும் கண்டவற்றான், முதுமைக்கு இடத்தினும் துணையே முதன்மையானது எனல் எளிது. ஆனால் அங்ஙனம் முடித்தல் அரைமுடிவாகும். துணை நிலைபேறுடையதன்று. இருவருள் ஒருவர் முன்னர் மறைதல் உலகியல். பெரும்பாலும் மறைபவர் கணவர், எஞ்சுபவர் மனைவி. 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியாவில் அறுபது அகவை கடந்த பெண்டிருள் ஏறத்தாழச் செம்பாதியர் கணவனை இழந்தோர். ஆடவருள் மனைவியை இழந்தோர் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கினரே. எனவே உறைவிடத் தேட்டம் இருவர் கூடிச் செய்யும் செயலாயினும், அதன் விளைவை நெடிது நுகர்பவர் பெரும்பாலும் பெண்ணொருத்தியே.

எஞ்சியவளின் வழிச்செலவைப் பாடியது சிலப்பதிகாரம். கோவலனும் கண்ணகியும் இளையர். எனினும் அவரும் பழைய வீட்டை விட்டுப் புதிய வாழ்வு தேடிப் புறப்பட்ட இணையரே. இடத்தைத் தேர்ந்தவன் கோவலன். கண்ணகிக்குச் சுற்றமாய் அமைந்தவர் வழியிற் கிடைத்த கவுந்தியும் மதுரைப் புறஞ்சேரியின் மாதரியுமே. கணவன் கொலையுண்டபின் மதுரை அவட்கு ஊராகவில்லை. வையைக் கரைவழியே தனியே நடந்து நெடுவேள் குன்றத்து வேங்கை நிழலில் நின்றாள். அக்குன்றம் கொங்குநாட்டுத் திருச்செங்கோடு என்பாரும் உளர். சேரநாட்டு வேறொரு மலை என்பாரும் உளர். இவ்வேறுபாடு பழைய உரைகளிலேயே காணப்படுவது. எவ்வாறாயினும், அம்மையும் அப்பனும் ஒருடலாய் நிற்கும் திருச்செங்கோட்டை எஞ்சிய பெண்ணொருத்தியின் கடைநிலையாகக் கருதிய கருத்து பொருள் பொதிந்தது. பதினான்கு நாள் கழித்துக் கோவலன் வான ஊர்தியில் வந்து அவளை அழைத்துச் சென்றான் என்கின்றது காப்பியம். காப்பியத் தலைவிக்கு வானூர்தி வந்தது. பிறர்க்கு வருவதில்லை. அவர்க்குப் பதினான்கு நாள் அன்று, பதினான்கு ஆண்டும் தனிமை நீளும்.

இந்நோக்கில் தொல்காப்பிய நூற்பாவை மீண்டும் பார்த்தல் வேண்டும். மக்களும் சுற்றமும் அதன்கண் வாளா கூறப்படவில்லை. 'ஏமம்' என்பது காவல். 'துவன்றுதல்' என்பது நெருங்கி நிறைதல். கிழவனும் கிழத்தியும் இருவராய் உள்ளவரை இருவரும் ஒருவர்க்கொருவர் காவல். ஒருவராயினபோது காவல் வேறிடத்தினின்று வருதல் வேண்டும். அதற்கு முற்கூட்டியே அமைத்த அரணே மக்களும் சுற்றமும். மக்கள் அயல்நாட்டிலும் அயலூரிலும் வாழும் இக்காலத்துச் சுற்றமே அவ்வரணின் பெரும்பகுதியாகின்றது. சுற்றமோ ஒரு நாளில் அமைவதன்று. அடுத்த வீட்டாரின் பெயர் அறிந்து, நோயறிந்து, சிறுபிணக்கும் உண்டாகித் தீர்ந்து, ஆண்டுகள் கழிந்தபின்னரே அயலார் சுற்றமாவர். அவ்வாறு சுற்றம் விளைதற்குரிய நிலம் என்னும் அளவில் இடம் பொருளுடையதாகின்றது. நூற்பாவில் இடம் கூறப்படாமையின் கருத்து இடம் வேண்டா என்பதன்று. சுற்றத்தின் வாயிலாகவே இடத்தை அளத்தல் வேண்டும் என்பதாம்.

8. புதிய ஆற்றுப்படை

வீடு தேடும் இணையர்க்கு முன்சென்றோர் வழிகாட்டுகின்றனர். பெற்றவர் பெறாதவர்க்கு நெறிகூறும் இச்செயல் ஆற்றுப்படை மரபினதே. மலைபடுகடாம் கூத்தர்க்கு வழியை மட்டும் கூறி நின்றதில்லை. எவ்வழியில் இடர் உண்டு, எவ்வூரில் யார் எதிர்கொள்வர், என்ன உணவு தருவர் என மனிதரையும் சேர்த்தே கூறிற்று. இன்றைய வழிகாட்டலில் அம்மனிதர் பகுதி தேய்ந்து, விலையும் பரப்பும் மருத்துவமனைத் தொலைவும் எஞ்சியுள்ளன.

இக்குறை நீங்க, காண வரும் இணையர் கேட்கவேண்டிய வினாக்களை இலக்கியமே தருகின்றது. முதலாவது: இங்குள்ளோருள் துணையை இழந்தவர் எத்தனை பேர், அவர் எவ்வாறு வாழ்கின்றனர்? அவருள் ஒருவரோடு ஒரு மாலைப்பொழுது அமர்ந்து பேசுதல், பத்துக் கட்டடங்களைச் சுற்றிப் பார்த்தலினும் பயனுடையது. இரண்டாவது: வீடும் வைப்புத்தொகையும் இருவர் பெயரிலும் உளவோ, ஒருவர் மறைந்தால் மற்றவர் அவ்வுரிமையோடு தொடரலாமோ? எண்ணும்மை பத்திரத்திலும் இருத்தல் வேண்டும். மூன்றாவது: பயிலுதற்குரிய செயல் இங்கு யாது? உண்டு உறங்கிக் கழித்தலைத் தொல்காப்பியர் முதுமையின் பயனாகக் கூறவில்லை. இருவரும் செய்தற்குரிய பணியும், பின்னர் ஒருவரே நின்று செய்தற்குரிய பணியும் அவ்விடத்தில் உண்டாயின், அது வீடு. இன்றேல் அது விடுதி.

அரசும் இத்துறையில் சில செய்துள்ளது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. வறிய முதியோர் நூற்றைம்பதின்மரேனும் தங்கத்தக்க இல்லம் ஒன்று ஒவ்வொரு மாவட்டத்திலும் படிப்படியாக அமைதற்கு அச்சட்டம் வழிகூறுகின்றது. ஓய்வுக்கால இல்லங்களுக்கான மாதிரி நெறிமுறைகளை நடுவண் அரசின் வீட்டுவசதி அமைச்சகம் 2019இல் வெளியிட்டது. சட்டம் ஏமத்தைத் தரலாம். சுற்றத்தைத் தருதல் சட்டத்தின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது. வசதியுடையார் வீடு தேடிச் செல்ல, வசதியில்லாதார் தெருவில் நிற்றலும் நாம் காண்பதே. புகலூர்க் கற்படுக்கையை அமைத்த நாட்டில் அவர்க்கும் ஓர் உறையுள் உண்டாதல் வேண்டும்.

9. முடிவுரை

மேற்கூறியவற்றான் பெறப்படுவன இவை. முதுமை இல்லறத்திற்கு இலக்கணம் வகுத்த தொல்காப்பியர் உடனிருப்போரைக் கூறி, உறையும் இடத்தைக் கூறாது விட்டார். பிசிராந்தையார், கபிலர் ஆகியோர் வரலாறுகள், துணையின்றி நல்லூரும் பெருநாடும் முதியோர்க்கு நிறைவளியா என்பதைக் காட்டுகின்றன. எனினும் அவ்விலக்கியம் துணை என்பதனைப் பெரிதும் ஆடவர் நட்பாகவே கண்டது. மனைவியை நிகராக வைத்த எண்ணும்மை நூற்பாவிலும், பாலைக் கௌதமனார் பற்றிய பதிகத்திலுமே தெளிவாக நின்றது. அவ்வும்மையை இலக்கியம் முழுமையும் காவாது விட்ட இடத்தில், எஞ்சிய பெண்ணின் நிலை பாடப்படாது போயிற்று.

இன்று கொங்குநாட்டுச் சாலைகளில் வீடு தேடிச் செல்லும் இணையர்பால் அவ்வும்மை மீண்டும் தோன்றுகின்றது. வண்டியில் இருவரும் ஒருங்கு அமர்ந்து செல்கின்றனர். வீட்டை இருவரும் ஒருங்கு காண்கின்றனர். இருவர் கண்ணுக்கும் இனிதாய வீட்டைத் தேர்தல் எளிது. இருவருள் யார் எஞ்சினும் அவர்க்கு அன்றும் பெயர்சொல்லி அழைப்பார் உளராகும் வீட்டைத் தேர்தலே அரிது. அதனைத் தேர்தற்கு, நடக்கவும் பேசவும் புதிதாக ஒருவரை நண்பராக்கிக் கொள்ளவும் வலிமையுள்ள காலத்திலேயே புறப்படல் வேண்டும் என்பது எம் துணிபு.